பல் எதில் சேர்த்தி?

அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே குஷி. "இதயத்துக்கு உண்டு, கிட்னிக்கு உண்டு. பல்லு உடம்புல சேர்த்தி இல்லைங்க!" என்று முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தபடி திருப்பி அனுப்புவார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் அவருடைய கடைவாய்ப் பல்லே வேலையைக் காட்டிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாமென்றால், கடிக்க முடியாததுதானே தொல்லை! காது குடைந்தது, மண்டை தெறித்தது, கழுத்து வரை சுண்டி இழுத்தது. "ஐயோ, உடம்பே போகுதே!" என்று கட்டிலில் புரண்டு கத்தினார்.

மனைவி உப்புத் தண்ணீரை நீட்டினாள்.

"பல்லுதானே வலிக்குது? அதான் சேர்த்தி இல்லையே, நடுவுல உடம்பை எதுக்கு இழுக்கறீங்க?"