கோடு போட்ட வருஷம்

எங்கள் மைதானத்துப் பெண்கள் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை ஆண்டு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்திலிருந்து ஆடுகிறவள் நான் ஒருத்திதானாம். முதல் இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. முதல் வருஷம் ஆறே பேர். கோப்பை வந்து சேராததால் ஜெயித்த அம்மாவுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அவர் அதில்தான் ரொம்ப நாள் லாரித் தண்ணீர் பிடித்தார். நாலாவது வருஷத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது.

ஜெயித்தவர்களின் பெயர்ப்பலகையில் அந்த வருஷத்துக்கு நேரே வெறும் கோடுதான் இருக்கிறது.

அன்றைக்கு நானும், சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியும் ஒன்றாக ஆடினோம். கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவர்தான் ஜெயிப்பார். ஒருத்தர் அடித்த அடிக்கணக்கை இன்னொருத்தர் கார்டில் எழுத வேண்டும். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பார்க்காமலே போட்டாள். எழுதியது நானாயிற்றே, அதுவும் கணக்கு டீச்சர்! மூன்று அடி வித்தியாசத்தில் அவள் முதல், நான் இரண்டாவது.

கோப்பையோடு ஸ்கூட்டரில் திரும்பினோம். கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போதும் அவள் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். "அந்தப் பனைமரத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேனே, அந்தக் குழிக்கு மட்டும் அஞ்சு அடி ஆயிடுச்சுக்கா."

நான் நாலு என்று எழுதியிருந்தேன். சொன்னேன். அவள் உடனே வண்டியை மைதானத்துக்கே திருப்பினாள்.

சரியாக எழுதியிருந்தாலும் அவள்தான் ஜெயித்திருப்பாள். ஆனால் கார்டில் ஓர் அடி குறைந்தாலும் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள், அதுதான் விதி. "தப்பான கார்டு குடுத்துட்டேன் சார்" என்று கோப்பையை மேஜைமேல் வைத்தாள். என் பெயரை அவள் எடுக்கவே இல்லை. கோப்பையை என்னிடம் நீட்டினார்கள், நான் வேண்டாம் என்றேன். அதோடு என் யோக்கியதை தீர்ந்துபோனது. பிறகு நாலு பேர், "குறைச்சுப் போட்டு மாட்டிக்கிட்டாளாம்" என்று சிரித்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவள் ஆட வரவே இல்லை. என்னோடு மட்டும் எப்போதும்போல இருந்தாள். குழம்பு வைத்தால் இன்றைக்கும் மதில் தாண்டி ஒரு கிண்ணம் வந்துவிடும். எனக்குத்தான் சாப்பிடும்போது உறுத்தும்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "எதுக்குக்கா இதெல்லாம்? கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றாள்.

"எழுதினது நான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி, வரிவரியாக விரல் வைத்து மறுபடியும் படித்தாள். முழுசாகப் பத்து நிமிஷம் ஆனது. கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"சரியா இருக்குக்கா. இந்தத் தடவை பார்த்துட்டேன்."