பதினோராவது பாட்டில் டிரம்ஸ்: தணிகாசலம்

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்லி வைத்திருந்தார். எழுதினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வயது ஐம்பது. சின்ன காஞ்சிபுரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, உற்சவம் என்று எதுவாக இருந்தாலும் ஸ்பீக்கரும் மைக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். தொழிலில் சுத்தமான மனிதர். வாய்தான் சுத்தம் கிடையாது.

உலகத்தில் யார் பாடினாலும் இவருக்குப் பிடிக்காது. சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, அதில் இருநூற்று நாற்பது பேர். எந்தக் கச்சேரிக்கு மைக் கட்டிவிட்டு வந்தாலும் அதில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். அதற்கு அவர்கள் 'தணிகாசலம் தீர்ப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன தை மாசம் ஒரு ரிசப்ஷனில் பாடிய பெண்ணைப் பற்றி, "எம் ஸ்பீக்கருக்குக் கைகால் இருந்திருந்தா எழுந்து போயிருக்கும்பா" என்றார். இருநூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் சித்தப்பாவும் அதே குழுவில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதமாக அவர் எங்களுக்கு ஜெனரேட்டர் தருவதில்லை.

இவருக்கும் எனக்கும் சொந்த ஊர் முசரவாக்கம். நான் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இவர் வீடு. பத்தாவதில் ஃபெயிலாகி, பதினாறு வயதில் கல்யாண பேண்டு செட்டில் டிரம் அடிக்கப் போனார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மண்டபத்தை நெருங்கும்போது முன்னால் ஆடுகிற பையன்கள் விசில் அடிப்பார்கள். விசில் கேட்டால் டிரம்காரர் வேகத்தை ஏற்ற வேண்டும், அடுத்த விசிலுக்கு இன்னும் ஏற்ற வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். ஏற்றாத ஆளை அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். இவரைப் பன்னிரண்டு சீசன் கூப்பிட்டார்கள்.

என் அண்ணன் மாணிக்கவேலும் இவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். சிநேகிதனுக்கே தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தால் நல்லது என்று அப்பாவிடம் பேசியதே அண்ணன்தான். அண்ணனுக்கு ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவனும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் கிடார் வாங்கினார்கள், முடி வளர்த்தார்கள், சூப்பர்வைசர் திட்டியதும் வெட்டிக்கொண்டார்கள். 'மூணாவது ஷிப்ட்' என்று பெயர் வைத்து ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். டிரம் அடிக்க இவர் போனார். கல்யாணமாகி, மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அப்பாவான மனிதர், கறுப்பு பனியனும் மண்டை ஓட்டு மோதிரமுமாகக் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்த எனக்குத்தான் தெரியும் அந்தக் கண்றாவி.

இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விழா. நல்ல கூட்டம். 'ரங்கசாமி குளம் சிக்னல்' என்று இவர்களுடைய பாட்டு ஒன்று, கம்பெனி பஸ்ஸில் போகிறவன் சிக்னலில் ஒரு பெண்ணைப் பார்ப்பதைப் பற்றியது, மெதுவாகப் போகிற பாட்டு. சரணத்தின் கடைசி வரியில் அண்ணன் பாதி வார்த்தைகளை முழுங்கிவிட்டான். பாட்டு முடிந்ததும் இவர் மைக்கைப் பிடுங்கி, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், "மூச்சு இல்லாதவன்லாம் ஏன்பா பாட வர்றீங்கோ?" என்று கேட்டார். அண்ணன் கிடாரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அடுத்த கச்சேரியில் டிரம் அடித்தது ஏனாத்தூர்க் கல்லூரிப் பையன் ஒருவன்.

அதோடு முடிந்தது உறவு. "உண்மையச் சொன்னேன், தொரத்திட்டானுங்கோ. அவன் வந்து எம்மேல தப்பு இல்லன்னு சொல்ற வரிக்கும் நீ அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று எனக்கு உத்தரவு போட்டார். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் கூட ஆகாத என் அம்மா வீடு பதினெட்டு வருஷமாக எனக்கு அயல்நாடு. என் மகள் சத்யப்ரியா பெரியவளானபோது தாய்மாமன் தட்டை வேறு ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் வகையில் ஏதோ ஒரு பங்காளி, அவர் பெயர் கூட எனக்கு மறந்துவிட்டது. இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது, ஆவணியில். மாப்பிள்ளை வீட்டில் தாய்மாமன் எங்கே என்று கேட்கிறார்கள். இந்த முறையாவது அண்ணன் வந்து நிற்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். "வரட்டும். வந்து ஒத்துக்கட்டும்" என்றார்.

இந்த நேரத்தில்தான் 'மூணாவது ஷிப்ட்' தன்னுடைய தொகுப்பை வெளியிட்டது. 'இருபது வருஷம், இருபது ஹிட்' என்று பெயர். உருப்படியாக ஏழு பாட்டு போட்டவர்கள் இருபது ஹிட்டுக்கு எங்கே போவார்கள் என்று எனக்கே தோன்றியது. இவரும் ஒன்று வாங்கி வந்தார். பட்டுப் புடவை வைக்கிற அளவுக்குப் பெரிய பெட்டி, மேலே ஜரிகைக் கரை மாதிரி அச்சடித்திருந்தார்கள். திறந்தால் உள்ளே ஒரு விரல் கனத்துக்குப் பென் டிரைவ், நாலாக மடித்த ஒரு காகிதம். யார் யார் எந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. பதினோராவது பாட்டு 'ரங்கசாமி குளம் சிக்னல்'. ஏனாத்தூரில் அன்றைக்குப் பதிவு செய்தது, இதுவரை வெளியே வராதது. டிரம்ஸ்: தணிகாசலம்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "மாட்டிக்கினான்! அவனே ஆதாரத்தக் கொண்டாந்து குட்த்துட்டான்" என்றார். குழுவில் அறிவிப்பு போட்டார். ஞாயிற்றுக்கிழமை இருபது பாட்டுக்கும் தீர்ப்பு, பதினோராவது பாட்டில் மாணிக்கவேல் முழுங்கியதை எல்லோரும் காதால் கேட்கலாம் என்று.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு ஓரமாகப் பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன், என் கைத்தொழில் அது. முதல் பாட்டு 'கரண்ட் போச்சு'. "கரண்ட் போச்சு, கரண்ட் போச்சுன்னு நாலு நிமிஷம் கத்தறானுங்கோ. நெஜமாவே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்." இரண்டாவது 'ஐ.டி. கார்டு'. "இது மொத பாட்டுதான்பா. சட்டைய மாத்திக்கினு வந்து நிக்குது." ஐந்தாவது, ஒரு மனை வியாபாரிக்கு எப்போதோ பாடிக் கொடுத்த விளம்பரம். "இதுவும் ஹிட்டாம். எங்கிட்ட கூட மைக் டெஸ்ட் ஒன் டூ த்ரீ நெறைய இருக்குது, அனுப்பறேன், சேத்துக்கோங்கோ." ஏழாவதும் ஒன்பதாவதும் ஒரே பாட்டு, ஒன்பதாவதில் மட்டும் நடுவில் யாரோ வீணை வாசித்தார்கள். பழைய பாட்டுகளைப் புதுசாக்கியிருக்கிறோம் என்று காகிதத்தில் பெருமை வேறு. "சத்தத்த ஏத்தி வுட்டுக்கீறானுங்கோ, அவ்ளோதான் புதுசு. மெதுவா பாடற எடமும் கத்துது, கத்தற எடமும் கத்துது. மனுசன் எங்க மூச்சு வுடுவான்?"

இவர் சொன்னதில் தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பாட்டில் எனக்குப் பிடித்தது இரண்டு, அதுவும் அண்ணன் குரல் என்பதால் இருக்கலாம். மற்றதெல்லாம் பெட்டியை நிரப்பப் போட்டது. குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

பதினொன்று வந்தது. "வேணி, அந்தக் குஞ்சத்தக் கீழ வச்சிட்டு நல்லா கேளு. உங்க அண்ணன் முழுங்கறத உங்காதால கேளு" என்றார்.

நான் கீழே வைக்கவில்லை. பாட்டு ஓடினால் அதற்குத் தகுந்தபடி என் கை முடிச்சுப் போடும், பல வருஷப் பழக்கம். ஆரம்பத்தில் நிதானமாகத்தான் போனது. நல்ல பாட்டு, அன்றைக்குப் பதிவான அந்தக் குரல் நல்ல குரல். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு விசில் அடித்தார்கள். பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக. சரணம் வந்தபோது என் விரல்கள் ஒன்றோடொன்று இடித்து முடிச்சு தப்பிப்போனது. அண்ணன் "பச்சை விழுந்தும் நான்..." என்றான், மீதி காணோம்.

"கேட்டியா! கேட்டியா!" என்று குதித்தார் இவர்.

"இன்னாங்க, பாட்டு இப்படி ஓடுது?" என்றேன்.

"எது ஓடுது?"

"நீங்க அடிக்கறதுதான். மெதுவா ஆரம்பிச்சீங்க, இங்க வந்து பறக்கறீங்களே."

"உனக்கு இன்னா தெரியும், குஞ்சம் கட்டறவளுக்கு?"

சொன்னாரே தவிர, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். முதல் விசிலில் முகம் மாறியது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தாளத்துக்குத் தகுந்தபடி விரலால் தட்டினால் வேகத்தை எண்ணிச் சொல்கிற ஒரு ஆப் இவர் போனில் இருக்கிறது. ஆரம்பத்தில் தட்டினார், எண்பத்துநாலு. சரணத்தில் தட்டினார், நூற்றுப் பதினெட்டு. நான்கு தடவை தட்டினார், நான்கு தடவையும் அதேதான். அந்த வேகத்தில் எந்த மனிதனாலும் அந்த வரியை முழுசாகப் பாட முடியாது. பாதியை விட்டுத்தான் அடுத்த வரியைப் பிடித்திருக்கிறான் அண்ணன்.

"விசில் அடிச்சிட்டானுங்கோ வேணி" என்றார் மெல்ல. "விசில் கேட்டா கை தானா..."

எனக்குப் பாவமாக இல்லை. துளி கூட இல்லை. ராக் பேண்டில் போய் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை அழைப்பு அடித்திருக்கிறார். அதற்காக என்னைப் பெற்ற வீட்டை என்னிடமிருந்து பறித்துவிட்டு, பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

குழுவில் கேட்க ஆரம்பித்தார்கள். "தலைவா, பதினொன்னு எங்க?" "மச்சான் முழுங்கனத போடு தலைவா." இவர் பதில் போடவில்லை. திங்கட்கிழமை காலை டீயைக் குடிக்காமல் ஆற விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "பென் டிரைவ் கெட்டுப்போச்சுன்னு போட்டுடட்டுமா?"

"போடுங்க" என்றேன். "போட்டுட்டு, பொண்ணு கல்யாணத்துக்கு மைக் கட்ட மட்டும் வாங்க. அப்பான்னு சொல்லிக்கினு மணவறையில வந்து நிக்காதீங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கண்ணைத் திருப்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. குழுவில் எனக்கு இடம் கிடையாது, அங்கே போட்டதையே எனக்கும் தனியாக அனுப்பியிருந்தார். "பதினொன்னாவது பாட்டு. டிரம்ஸ் தணிகாசலம். ஆளு ஓடிட்டான். எண்பத்திநாலுல ஆரம்பிச்சு நூத்திப் பதினெட்டுக்குப் போயிட்டான். பாடனவன் மேல தப்பு இல்ல. நான் இத்தினி வருசமா சொன்னது பொய்யி. அவ்ளோதாம்பா."

சிரிப்புப் பொம்மை ஒன்று கூட வரவில்லையாம். அண்ணன் பேண்டுக்கு மைக் கட்டுகிற கிறிஸ்டோபர் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. பதினெட்டு வருஷத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டேன். இவரும் மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"எம்மா வேணி, மாப்ளகிட்ட சொல்லு, எனக்கு அது அன்னிக்கே தெரியும்னு. மேடையிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"தங்கச்சி புருசனப் போயி அத்தினி பேரு முன்னாடி எப்பிடிம்மா சொல்றது? அப்புறமும் மனசு வரல. உனக்கு ஒரு மரியாதை வேணாமா?"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பெரிய மனசு என்று நினைத்திருப்பார். அந்தப் பக்கம் அண்ணனும் மூக்கை உறிஞ்சினான். இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

"அம்மா செத்த அன்னிக்கு நான் தனியா பஸ் ஏறி வந்தேன்" என்றேன். "வாசப்படி ஏறக் கூடாதுன்னு உத்தரவு. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்களோட தெருவுலயே நின்னு அழுதுட்டு, அம்மாவ எடுத்துக்கினு போறப்ப மொகத்த எட்டிப் பாத்துட்டு, ஒரு வாய்த் தண்ணி குடிக்காம திரும்பி வந்தேன். நீயும்தான் பாத்துக்கினு நின்ன. அது எந்த மரியாதைண்ணா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆவணி பன்னெண்டு முகூர்த்தம். தாய்மாமன் தட்டோட மொத ஆளா வந்து நில்லு" என்றேன்.

"வந்துடறேம்மா" என்றான்.

"மச்சான்..." என்று இவர் போனுக்குக் கை நீட்டினார். நான் இணைப்பைத் துண்டித்தேன். இனிமேல் இவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், சேர்ந்து பாடிக்கொள்ளலாம். எனக்குத்தான் அம்மா கிடையாது.