ராசு அண்ணைக்கு எடுத்த றெகுலேற்றர்

மொன்றியல் துறைமுகத்தடியில் லொறிகளின் ஸ்டார்ட்டரும் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேற்றரும் திருத்தும் கடையில்தான் என் காலம் போனது. ஒரு நாள் எங்கள் ஊர் ராசு அண்ணை முகம் சிவக்க வந்து நின்றார்.

"உன்ர சாமான் சரிவராது தம்பி. பற்றறியைக் கொழுவின உடன எஞ்சின் நிண்டுபோகுது."

எங்களிடம் வாங்கிய கார் ஆல்டர்னேற்றரைப் புல்லுவெட்டும் மெசினின் எஞ்சினோடு பெல்ட் போட்டுப் பூட்டியிருந்தார். கரண்ட் போனாலும் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட் வீட்டில் அவருடைய மனைவியின் ஒட்சிசன் மெசின் ஓட வேண்டும். விளையாட்டுக் காரியமில்லை.

"சாமான்ல பிழையில்லை அண்ணை. உள்ளுக்கிருந்து சார்ஜை அளந்து விடுற றெகுலேற்றர் கார் எஞ்சினுக்கெண்டு செய்தது. இறங்கின பற்றறியைக் கண்டா முழுக்க இழுக்கும். உங்கட குஞ்சு எஞ்சின் தாங்குமே?"

வெளியே பூட்டும் றெகுலேற்றர் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். சுமையை மெல்ல மெல்ல ஏற்றும். உச்சக் கரண்டை நாமே குறைத்து வைக்கலாம். பற்றறியில் ஒட்டும் சென்சர், குளிருக்கு ஏற்ப வோல்டைக் கூட்டும். இந்த ஊர்க் குளிரில் அது இல்லாவிட்டால் பற்றறிக்கு அரைவயிறுதான்.

பிறகு ஐஸ் மழை பெய்து கரண்ட் போன ஒரு மதியம், அவர்கள் வீட்டுக்குப் பார்த்துவரப் போனேன். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், மூக்கில் குழாயோடு சோபாவில் தனியே இருந்தார்.

"அண்ணை எங்க அக்கா?"

"பின்னால. காலமை தொடக்கம் அங்கதான் நிக்கிறார்."

கொல்லைப்புறம் போனால், நான் கொடுத்த றெகுலேற்றர் பெட்டிகூட உடைக்காமல் கிடந்தது. அதற்குப் பதிலாக, ஆல்டர்னேற்றரின் பீல்ட் வயரில் கரண்டை மட்டுப்படுத்த ஒரு ஹெட்லைட் பல்ப் எரிந்தது. அண்ணையின் கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறொட்டிலில், கண் மீற்றரில். எங்கள் ஊரில் கரண்ட் இல்லாத யுத்தகாலத்தில், தண்ணிப் பம்ப் எஞ்சினை வைத்து ஊராருக்கெல்லாம் இப்படித்தான் பற்றறி சார்ஜ் பண்ணிக் கொடுத்தவர். அப்போது றெகுலேற்றருக்கு எங்கே போவது? ஒரு பல்ப், பக்கத்தில் ஒரு ஆள். எங்கள் வீட்டு ரேடியோவும் அப்படி ஏற்றிய பற்றறியில்தான் பாடியது. அந்த மங்கிய பல்பைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"என்ன அண்ணை, விசரே உங்களுக்கு?"

"பெட்டியை நம்பி விட்டிட்டு இருக்கேலாதடா. கூடிப்போனா பற்றறி கொதிச்சிடும். அவளின்ர மூச்சு இது."

"மூச்சுக்காரி உள்ளுக்குத் தனிய இருக்கிறா."

அண்ணை திறொட்டிலிலிருந்து கையை எடுத்தார். எஞ்சினை நிறுத்தி, பற்றறியில் இருந்த சார்ஜ் தீருமுன் றெகுலேற்றரைப் பூட்டினேன். எஞ்சின் முதலில் முக்கியது, பிறகு சீராக ஓடியது. மீற்றர் முள்ளு அசையவில்லை. அண்ணை கதவடி வரை போவார், திரும்பி வந்து முள்ளைப் பார்ப்பார். கடைசியில் நான்தான் தோளில் பிடித்து உள்ளே தள்ளினேன்.

"வந்திட்டியளே? இதில இருங்கோ" என்று அக்கா தன் கால்களை ஒதுக்கி இடம் விட்டார்.

அந்தப் பனிக்காலம் முடியுமுன் அக்கா போய்விட்டார். செத்தவீட்டில் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ என்னை உள்ளுக்குத் தள்ளின அண்டைக்குப் பின்னேரம் முழுக்கக் கதைச்சவள் தம்பி. கலியாணத்துக்கு முந்தி என்னைப் பஸ்ஸில கண்ட கதையெல்லாம். நான் வெளியில நிண்டிருந்தா அதை ஆர் கேட்டிருப்பினம்?"

எந்த றெகுலேற்றர் எடுக்கலாம் என்று இப்போதும் பெடியள் போனில் கேட்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு, பற்றறி எவ்வளவு, வைக்கிற இடத்தில் குளிர் எவ்வளவு என்று விசாரிப்பேன். அதோடு இன்னொன்றும் கேட்பேன்:

"அது ஓடேக்க நீங்கள் ஆருக்குப் பக்கத்தில இருக்கப்போறியள்?"