கடைசி ட்ரிப்புக்கு வைத்த சார்ஜ்

"குப்பையில போட்டுட்டுப் புதுசா வாங்குங்க பெரியவரே" என்று செல்போன் கடைக்காரர் சொன்னதும் லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"வயசானா மனுஷனையும் குப்பையிலயா போடுவீங்க?"

தீப்பெட்டி அளவு பாட்டுப்பெட்டி. நாலு வருஷமாகச் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடி விற்றவனை எவனும் கேட்பதில்லை. குப்பை என்ற பெயர் மட்டும் இதற்கு. கடைக்காரர் இறங்கி வந்து, சார்ஜ் சீக்கிரம் தீராமல் இருக்க நாலு வழி சொன்னார். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். சத்தத்தையும் குறைக்க வேண்டும். பாட்டைப் பாதியில் தள்ளித் தள்ளிப் போடக் கூடாது. சூடு ஆகவே ஆகாது.

ஒன்பது மாடிக் கட்டிடத்தின் லிஃப்டுக்குள் பிளக் பாயிண்ட் கிடையாது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அவருக்கு இந்தப் பெட்டிதான் துணை. போன மாதம் மகள் வந்தபோது, பிறந்து மூன்று மாதமான பேத்தியின் குரலை இதில் பதிந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஒன்பதாம் மாடியிலிருந்து தனியாக இறங்கும் கடைசி ட்ரிப்பில்தான் அதைக் கேட்பார். கேட்டால் கால்வலி தெரியாது. இப்போதெல்லாம் மூன்று மணிக்கே பெட்டி கண்ணை மூடிவிடுகிறது.

சொன்னபடியெல்லாம் செய்தார். மறுநாள் காலையில் பெட்டியைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியதில் ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது, பால் பாக்கெட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில், கண்ணாடியெல்லாம் வேர்த்துப்போய்.

"சூடு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நல்லவேளை, துடைத்து ரெண்டு நாள் காயவைத்ததும் உயிர் வந்தது. ஆனால் அன்றைக்கும் நாலு பத்துக்கு நின்றது. பேத்தியின் குரலைக் காலையிலேயே கேட்டுவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள்.

"காலையிலயே கேட்டுட்டா, மிச்ச நாளை எதை நினைச்சு ஓட்டுறது?"

அடுத்த நாள் காதில் எதையும் மாட்டவில்லை. பழைய பாட்டு நூறும் வாயை மூடிக்கொண்டு கிடக்கட்டும். பாட்டு நின்றுபோச்சா என்று கணக்குப் பிரிவுக்காரர் கிண்டலாகக் கேட்டபோது, உங்கள் மாடி வந்துவிட்டது, இறங்குங்கள் என்று மட்டும் சொன்னார். எட்டரை மணி நேரமும் கயிறு முனகுவதைக் கேட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்தரை. ஒன்பதாம் மாடி. கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் போட்டார். சார்ஜ் கோடு நாலும் அப்படியே இருந்தது.

"ங்கா" என்றாள் பேத்தி. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் ஏதோ பெரிய வழக்குப் பேசுவதுபோல நீளமாக ஒரு இழுப்பு. லிஃப்ட் கீழே வந்து சேர முப்பத்தெட்டு விநாடி ஆகும். குழந்தையின் பேச்சோ நாற்பத்தியொரு விநாடி.

லிஃப்ட் கீழே வந்து நின்றதும் கதவை வெளியிலிருந்து தட்டினார்கள். மேனேஜர்தான். மேலே எதையோ மறந்து வைத்துவிட்டாராம், சீக்கிரம் திறக்கச் சொன்னார்.

லிஃப்ட்காரர் கதவின் கைப்பிடியை விடவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க சார். இன்னும் மூணு விநாடி பாக்கி இருக்கு."