தீக்குச்சி எடைக்கல்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள் நாங்கள் ஏழு பேர். ஆய்வகத்தில் தராசு ஒன்றே ஒன்று. பட்டணத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் பதினான்கு தராசுகள் இருந்தன. ஆனால் இளங்கலை மாணவன் அவற்றைத் தொட முடியாது என்று அங்கே படித்த என் அத்தை மகன் சொன்னான். எனக்கோ எங்கள் சார் ஆய்வகச் சாவியையே கொடுத்திருந்தார்.

தீக்குச்சி மருந்து மழைக்காலத்தில் எவ்வளவு ஈரம் இழுக்கிறது என்று ஆராய்ந்தேன். தினம் மூன்று தடவை, எழுபத்திரண்டு நாள், மொத்தம் இருநூற்றுப் பதினாறு எடைகள். எடைப்பெட்டியில் நூறு மில்லிகிராம் கல் தொலைந்திருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்து, மருந்து முக்காத தீக்குச்சி ஒன்றைச் சீவி அந்த எடைக்குக் கொண்டுவந்தேன். மழை பெய்தால் குச்சியும் கனக்குமே! ஒவ்வொரு தடவையும் முதலில் குச்சியை மற்றச் சின்னக் கற்களோடு நிறுத்து, வித்தியாசத்தைத் தனி நோட்டில் எழுதிவைத்தேன்.

செய்முறைத் தேர்வு நடத்தப் பட்டணத்திலிருந்து வந்த பேராசிரியர் எடைகள் எழுதிய என் பெரிய நோட்டைப் புரட்டினார்.

"படிச்சுட்டு அனுப்பறேன் தம்பி. மேற்படிப்புக்கு என்கிட்டயே வந்துடு."

ஐந்து கடிதம் போட்டேன். நோட்டும் வரவில்லை, இடமும் வரவில்லை. எங்கள் கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன். எட்டு மாதம் கழித்து சார் ஓர் ஆய்விதழைக் காட்டினார். என் எடைகள் இருநூற்றுப் பதினாறும் பேராசிரியர் பெயரில் இருந்தன. எடைக்கல்லான குச்சி ஈரத்தில் கனத்ததைக் கணக்கில் சேர்க்காததால், மழை கூடக்கூட மருந்து எடை குறைந்து உலர்வதாகத் தெரிந்தது. அதற்கு நான்கு பக்கம் விளக்கம் வேறு.

"ஏலே, தனி நோட்டு இருக்குன்னு அவருக்கு எழுதிப் போடு. திருத்தத்துலயாவது உன் பேரு வரும்" என்றார் சார்.

"எழுதுறேன் சார்" என்றேன். எழுதவில்லை. காத்திருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் பேராசிரியர் எங்கள் கல்லூரிக்கே பேச வந்தார். கேட்கச் சிவகாசி தீப்பெட்டி முதலாளிகளும் வந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. மழையில் மருந்து உலரும் என்று அவர் சொன்னதும் முன்வரிசை முதலாளி ஒருவர் எழுந்தார்.

"அப்படிங்களாய்யா? என் கம்பெனியில பதினோரு லோடு நமுத்துக் கெடக்கு. ஒரு எட்டு வந்து நீங்க சொன்னீகன்னா உலந்துருமே."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து நான் எழுந்தேன்.

"நூறு மில்லிகிராம் கல்லு எதுங்கய்யா?"

"எடைப்பெட்டியில இருந்ததுதான்."

"எடைப்பெட்டியில இருந்தது இதுதாங்க" என்று குச்சியையும் தனி நோட்டையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். கைக்குட்டை நனைய நனைய ஆறு தடவை முகத்தைத் துடைத்தார். சார் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் எடைகளும் அதோடு போயின. எந்தப் பல்கலைக்கழகமும் என்னைச் சேர்க்கவில்லை. அன்றே எழுதிப் போட்டிருக்கலாமே என்று இப்போதும் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்தக் கைக்குட்டையைப் பார்க்கவில்லை. அதை மட்டும்தான் நான் நிறுக்காமல் விட்டேன்.