மகள் என்று தட்டினால் மக்கள்

எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. புதியதில் மஞ்சள் பாரித்துப்போன தடித்த பழைய கீபோர்டும், பழையதில் மெலிந்த புதிய கீபோர்டும் மாட்டியிருக்கும். பார்க்கிறவர்கள் நான் ஏதோ குழப்பியடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். புதியது என் மனைவியுடையது. இன்றும் அதில்தான் எழுதுகிறாள்.

அவள் நாடகம் எழுதுகிறவள். மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்தான், ஆனால் மனசெல்லாம் வசனத்தில். டெல்லி கரோல் பாக்கில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷம் ஒரு நாடகம் போடுவோம். எழுதுவது அவள், நாற்காலி போடுவது நான். மத்திய அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் ஃபைல் ஓரத்தில் குறிப்பெழுதிக் கழித்தவனுக்கு அதற்கு மேல் என்ன கொடுப்பார்கள்?

பழைய கம்ப்யூட்டர் போன குளிர்காலத்தில் ரொம்பவே படுத்தியது. ஆன் செய்துவிட்டுப் போய்ப் பால் காய்ச்சிக் காபி கலந்து எடுத்து வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். குர்கானிலிருந்து வந்த எங்கள் மகள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் பொறுமை இழந்தாள். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

"அப்பா, இதை கபாடிக்குப் போட்டுடலாம். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு."

தெருவில் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் குரல் கேட்டாலே கதவைத் தாழ் போடுகிற ரகம் நான். என் வீட்டிலிருந்து ஒரு திருகாணியைக்கூட யாரும் கொண்டுபோக முடியாது என்று குதித்தேன். கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. அம்மாவுக்குப் புதியது வந்தது. பழையதைத் தூசி தட்டி, கொஞ்சம் ரேம் கூட்டி, வேகமான புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, பாரமில்லாத வேறொரு சிஸ்டத்தை ஏற்றி எனக்குக் கொடுத்தாள் மகள். கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் வைத்து, அம்மாவின் நாடகங்களுக்குப் பிரதி வைக்கிற இடமாக்கிவிட்டாள். கிழம் நன்றாகவே ஓடியது. பாட்டுக் கேட்க, பென்ஷன் விவரம் பார்க்க எனக்கு அது போதும். எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

தொந்தரவு புதியதில்தான் வந்தது. மகள்தான் அந்த வருஷ நாடகத்தில் கதாநாயகி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அம்மா அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"அம்மா, 'நான் கட்டைக்குப் போறேன்'னு எழுதியிருக்கியே. கட்டைன்னா க்யா?"

"கட்டை இல்லடி, கடை."

"அச்சா. அப்ப 'உங்கள் மக்கள் வந்திருக்கிறாள்'? அதுவும் தப்பா?"

"மகள்னு படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு என் மனைவி போனை வைத்துவிட்டாள்.

அவள் பழகிய தமிழ்த் தட்டச்சு முறையில் ஒரு வசதி உண்டு. ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். க-வை இரண்டு தடவை தட்டினால் 'க்க' வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு தடவை தட்டுவதையே கீபோர்டு இரண்டாக எடுத்துக்கொண்டால்? மகள் மக்களாகிவிடுவாள், கதை கத்தையாகிவிடும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கீபோர்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மெட்ரோவில் நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் எதிரிலேயே மாட்டித் தட்டிக் காட்டினார். எழுத்துகள் ஒழுங்காகத்தான் வந்தன. "அண்ணே, இங்கே நல்லாத்தான் வரும், வீட்டுக்குப் போனால்தான் இரட்டிக்கும்" என்று ஹிந்தியில் வாதாடினேன். என் கத்தல் தாங்காமல் மாற்றிக் கொடுத்தார். வெற்றி வீரனாகத் திரும்பி வந்தேன். புதிதாக வந்ததும் அதே மாதிரி இரட்டித்தது. மறுபடியும் போகிறேன் என்று செருப்பைத் தேடினேன். அவள் ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை.

இந்தத் தடவை கடைக்காரருக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் சமையலறையில் இருந்தபோது அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, நாடகத்திலிருந்து ஒரு பக்கத்தை நானே அடித்தேன். ஒரு தப்பும் வரவில்லை. மகள், மகள், மகள் என்று அடித்துக்கொண்டே போனேன். எல்லோரும் மகள்களாகவே வந்தார்கள்.

"தானா சரியாயிடுத்து, வந்து பாரு!" என்று கூப்பிட்டேன்.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தட்டினாள். மக்கள் என்று வந்தது. அதுவரைக்கும் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் அவள் விரலைப் பார்த்தேன். எழுத்தைத் தட்டிய பிறகும் விரல் ஓயவில்லை. கொதி வந்த பாத்திரத்தின் மூடி மாதிரி அதன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய அப்பாவுக்கு வந்த வியாதியும் கை நடுக்கத்தில்தான் ஆரம்பித்தது. கடைசியில் அவருக்கு யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது. அவள் எழுதாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதுவும் மட்டம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கும் நேரு பிளேஸ் போனேன், ஆனால் சண்டைக்கு இல்லை. பழைய கீபோர்டின் உருண்டைப் பின்னைப் புதிய கம்ப்யூட்டரில் செருக ஒரு சின்னக் கன்வர்ட்டர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதை வாங்கி வந்தேன். அவள் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு கீபோர்டையும் இடம் மாற்றிவிட்டேன். பழசின் கட்டைகள் முரட்டுக் கட்டைகள். அழுத்தினால்தான் இறங்கும், சும்மா தொட்டால் அசையாது. விரல் எவ்வளவு நடுங்கினாலும் ஒரு அழுத்தலுக்கு ஒரு எழுத்துதான்.

அவள் வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தாள். மகள் மகளாகவே இருந்தாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"எதை?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராதுன்னுதானே இத்தனை வருஷமா ஒரு வேஷமும் குடுக்கலை."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்பலேந்து?"

"பழைய கம்ப்யூட்டர் இருக்கும்போதே. அதுல அடிக்கும்போது தெரியலை."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்த வரைக்கும், கீபோர்டுதான் கெட்டுப்போச்சுன்னு எனக்கே ஒரு நம்பிக்கை இருந்துதுங்க. அதை ஏன் கெடுத்துக்கணும்னு விட்டுட்டேன்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். நாடகம் முடியட்டும் என்றாள். நாடகமாவது மண்ணாவது என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கத்தத்தான் தெரியும், அது அவளுக்கும் தெரியும். மறு வாரம் போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், ஹிந்தி பேசுகிறவர். அவளைக் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், அறையின் குறுக்கே நடக்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, "உங்க பாஷையிலேயே ஏதாவது எழுதுங்க, என்னவா இருந்தாலும் பரவாயில்லை" என்று ஹிந்தியில் சொன்னார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் நிதானமாக எழுதித் தாளை நகர்த்தினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேண்டியது எழுத்தின் நெளிவு மட்டும்தான். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, எழுதியது சரியாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்று கேட்டார்.

வரிகள் மேலும் கீழும் அலைந்திருந்தன. ஆனாலும் ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

'இவர் ரொம்ப பயந்துபோயிருக்கார். எதுவா இருந்தாலும் இவர்கிட்ட மெதுவா சொல்லுங்க.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒன்றும் தெரியாதது போலச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டு விலாசம்" என்றேன்.