கிணற்றில் நான் இறக்கிய பெண்

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்வது சுகமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். நான் சம்பளத்துக்குச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் பக்கம், என் அண்ணன் நிலத்தை ஒட்டிய தரிசில் ஒருவர் கூடாரங்கள் போட்டிருக்கிறார். கிரிவலத்துக்கு வந்து செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்குகிறவர்களை வேனில் கூட்டி வருவார். விறகு அடுக்குவது, கோழி சுடுவது, பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் பேசுவது, எல்லாம் என் தலையில்.

முதலில் மலையைப் பற்றிச் சொன்னேன். அதெல்லாம் போனிலேயே இருக்கிறது, பேய்க்கதை சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு பேயும் தெரியாது. ஒரு நாள் அலுப்பில், எதிரே தெரிந்த அண்ணன் கிணற்றைக் கை காட்டினேன். கல்யாணமான மூன்றாம் மாதம் பச்சைச் சேலையோடு அதில் விழுந்தவள், தண்ணீர் குடிக்க வருகிற பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். ஒரு பெண் அழுதேவிட்டாள். கூட வந்தவன் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். என் மூஞ்சி, கிணறு, மோட்டார் கொட்டகை எல்லாம் அதில் தெளிவாகத் தெரிந்தன.

அந்தச் சமயம் அண்ணன் நிலம் முழுக்க வேர்க்கடலை. காய் முற்றியிருந்தது. மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்க வருவதாகச் சொன்ன பெண்களோ வரவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குத் தனித்தனியாக ஆள் பிடிக்க முடியாது. ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வரும் அம்மா ஒருவர் இருப்பார். அவர் வந்தால் எல்லோரும் வருவார்கள். வராவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள். நானும் அண்ணனும் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம்.

"மத்தியானம் அந்தக் கெணத்தாண்டதான் குந்தி சோறு துன்னணும்," என்றார் அவர். "எங்கூட வர்றதுல ரெண்டு பொண்ணுங்க மாசமா இருக்குதுங்க. எப்டி கூட்டியாறது?"

"அது பொய்யி பெரிம்மா. நானே கட்டுன கதை."

"பொய்யின்னா அவ்ளோ உருக்கமாவா சொல்லுவ? உங்கண்ணுல தண்ணி நின்னுச்சே, போன்ல பாத்தேன்."

"அது பொகையில வந்த தண்ணி."

உள்ளே அவர் மருமகள் சிரித்தாள். "சிரிடீ, சிரி. நாளைக்கு நீயே மொதல்ல போயி தண்ணி மொண்டு வா," என்றார் மாமியார். சிரிப்பு நின்றது.

பிறகு அவரே வழி சொன்னார். "அவளுக்கு ஒரு சேலை எடுத்து வச்சி, பொங்க வச்சி, கோழி அறுத்துடுங்க. மறுநா வந்துடறோம்."

"யாருக்கு? இல்லாதவளுக்கா?" என்று கத்தினேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ வாய மூட்றா. எல்லாம் அதுல வந்ததுதான்."

மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நானே கடைக்குப் போய்ப் பச்சைச் சேலை வாங்கினேன். கிணற்று மேட்டில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, அதன் முன் கோழி அறுத்தேன். அந்த அம்மா சொன்ன இடத்திலெல்லாம் விழுந்து கும்பிட்டேன். அத்தனை பெண்களும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னபடி வந்தார்கள், மூன்று நாளில் பிடுங்கி முடித்தார்கள். மழை வந்தபோது காய் மூட்டையில் ஏறி வீட்டுக்குள் இருந்தது.

அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணி அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்கிறார். கூடாரக்காரருக்கு ஒரே சந்தோஷம். நெருப்பைக் கல்லுக்குப் பக்கத்திலேயே மூட்டச் சொன்னார். இனிமேல் கதை கிடையாது, கோழி மட்டும் சுடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

எரிச்சல் அதுகூட இல்லை. அந்தக் கிணறு வெட்டும்போது நானும் அண்ணனும்தான் மண் சுமந்தோம். அதில் ஒரு ஆடுகூட விழுந்ததில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இருட்டினால் போன் செய்கிறார். "டேய், மோட்டார் போடணும். கொஞ்சம் வந்துட்டு போ."

நெருப்பில் கோழி பாதி வெந்திருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்.